வட்டமும் இரண்டு கோடும்

ஊமத்தை இலையைப் பறித்து வந்தவர் அப்பா. அடுப்புக்கரியை இடித்துச் சலித்தவன் மகன். அரைக்க அம்மியைத் தொடக்கூடாது என்று அம்மா குஞ்சம்மாள் முதலிலேயே சொல்லிவிட்டாள். அந்த இலைச் சாறு பட்ட அம்மியில் நாளைக்குச் சட்னி அரைத்தால், தெருவுக்குக் காவல் இருக்கிற மனுஷரே சட்டையைக் கிழித்துக்கொண்டு தெருவில் ஓடுவார் என்பது அவள் கட்சி. ஆகவே கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்து அரைத்தார்கள்.

1962 ஜூலை பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. குழாயடிச் சுவரில் தொங்கும் பலகையைக் கழற்றி வந்து, கறுப்புப் பூச வீட்டு வாசலில் சாய்த்திருந்தார்கள். மூன்றடி அகலம், இரண்டடி உயரம், தேக்கு. ஏதோ பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்டது. நெல்லித்தோப்பில் அந்தத் தெருவுக்குள் வேலையாக வருகிற வெளியாள் யாராக இருந்தாலும், தன் பெயரையும் வந்த காரியத்தையும் அந்தப் பலகையில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். ஆறு வருடமாக அதுதான் தெருவின் வழக்கம். வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அப்பா. பெயர் அம்மாவாசை. அந்த வருடம் மாசிவரை போலீஸில் சிப்பாயாக இருந்தவர்.

மகன் ஆதிமூலம் பொதுப்பணித்துறையில் டிராப்ட்ஸ்மேன். இரண்டு பூச்சு போதும் என்பது அவன் கணக்கு.

“மூணு பூசு,” என்றார் அப்பா. “நாளைக்கு ஒரு வரி எழுதணும். நல்லாத் தெரியணும்.”

“என்ன வரி?”

“எழுதறப்பப் படிச்சுக்க.”

“படிக்கத் தெரியாதவங்க?”

“அவங்களுக்கு நான் வாயால சொல்லிடுவேன்.”

மூன்றாவது பூச்சைப் பூசினான். அப்பா இடது தோளை ஒரு முறை தேய்த்துக்கொண்டார். ஆதிமூலம் அதைப் பார்த்தான். கரி பட்டிருக்கும் என்று நினைத்தான்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவர் நான்கு மணிக்கு எழுந்திருக்கவில்லை. பலகை அதற்குள் காய்ந்திருந்தது.

*

பதினோராம் நாள் அப்பாவின் தகரப்பெட்டியைத் திறந்தான். வேட்டிகளை எடுக்கச் சொல்லியிருந்தாள் அம்மா. வேட்டிகளுக்குக் கீழே நோட்டுகள் இருந்தன. முப்பத்தொன்று.

அப்பா நோட்டு எழுதுவார் என்று தெரியும். என்ன எழுதுகிறார் என்று அவன் கேட்டதில்லை. இப்போது கேட்க ஆளில்லாததால் படிக்க ஆரம்பித்தான். அலுவலகத்தில் பழைய குழாய் வரைபடங்களைப் பார்ப்பது போலத்தான் பார்த்தான். யார் போட்டது, எப்போது போட்டது, எங்கே போகிறது.

அப்பா பக்கத்துக் கிராமத்து உழவர் வீட்டுப் பிள்ளை. நிலம் மூன்று அண்ணன்களுக்கே போதவில்லை. இருபத்திரண்டு வயதில் பட்டணத்துக்கு நடந்து வந்து பிரெஞ்சுக்காரர்களின் போலீஸில் சேர்ந்தார். சிவப்புத் தொப்பி கொடுத்தார்கள். கொஞ்சம் பிரெஞ்சும் கொடுத்தார்கள். ஆணையைக் கேட்கவும், ஆமாம் என்று சொல்லவும் போதுமான அளவு. முதல் நோட்டுகளில் தமிழுக்கு நடுவே நேரத்தை மட்டும் அவர்கள் பாணியில் எழுதியிருந்தார். ஒரு வேலையைக் குறிப்பார். அது முடிந்ததும் வரியின் கடைசியில் சின்னதாக ஒரு சாய்கோடு. அந்த முதல் நோட்டுகளை எவ்வளவு புரட்டியும் சாய்கோடு இல்லாத வரி ஆதிமூலத்தின் கண்ணில் படவில்லை.

1954 நவம்பரில் கொடி மாறியது. நிலையத்தில் மேசை மாறவில்லை, நாற்காலி மாறவில்லை, தொப்பியும் மாறவில்லை. நாற்காலியில் இருந்தவரை முசே என்று கூப்பிட்டது போய் சார் என்று கூப்பிட்டார்கள். அப்பா அதற்குப் பழக ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதம் முழுக்க அதிகாரியை அவர் எப்படியும் கூப்பிடவில்லை, எதிரே போய் நின்று இருமினார் என்று அம்மா சொல்லுவாள்.

அடுத்த வருடம் தெருவுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ரேஷன் கார்டுக்கு ஒருவர், வாக்காளர் பட்டியலுக்கு ஒருவர், அம்மை குத்த ஒருவர், கொசு மருந்து அடிக்க ஒருவர். எல்லார் கையிலும் காகிதம். எது எந்த இலாகா என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. புது அரசாங்கம், எல்லாவற்றையும் புதிதாக எண்ணுகிறது போலிருக்கிறது என்று கதவைத் திறந்துவிட்டார்கள்.

கொசு மருந்துக்காரர் வந்தால் பாத்திரம் பண்டத்தை ஒரு மூலையில் சேர்த்து வைத்துவிட்டு, வீட்டில் இருப்பவர்கள் வெளியே போய்விட வேண்டும். அதைப் பார்த்து வைத்துக்கொண்ட எவனோ ஒருவன் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு வந்தான். மூன்று வீடு. ஒரு மணி நேரம் யாரும் உள்ளே வரக்கூடாது, கண் போய்விடும் என்று சொன்னான். யாரும் போகவில்லை. பித்தளையும் வெள்ளிக் கொலுசும் ஒரு கல்யாணப் புடவையும் போயின. மூன்றும் பகல் பத்து மணிக்கு, ஆலையில் முதல் ஷிப்டுக்குப் பாதித் தெரு போயிருக்கிற நேரத்தில்.

நிலையத்தில் இராத்திரி ரோந்தை இரட்டிப்பாக்கினார்கள். அன்றைக்கு அப்பாவின் நோட்டில் ஒரே வரி: ‘திருட்டு காலை 10. ரோந்து ராத்திரி 2. ஏன்?’

அந்த வரியில் ஆதிமூலம் கொஞ்ச நேரம் நின்றான். அப்பா கேள்விக்குறி போடுவார் என்று அவனுக்குத் தெரியாது.

*

பலகை வந்தது 1956 ஆனியில். குழாயடியைத் தாண்டாமல் தெருவுக்குள் போக வழி கிடையாது. தண்ணீர் வரும் நேரமெல்லாம் அங்கே பத்துப் பெண்கள் நிற்பார்கள். வருகிறவர் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு நிற்கிறவர்களில் ஒருத்தி எழுதிக்கொடுக்க வேண்டும். ஐந்தாவது வரை படித்த நாலைந்து பேர் இருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு அப்பா வந்து எல்லாவற்றையும் நோட்டில் பெயர்த்தெழுதிக்கொண்டு ஈரத்துணியால் துடைத்துவிடுவார்.

முதல் மாதம் சிரித்தார்கள். பெண் பார்க்க வந்த குடும்பம் ஒன்று ஒழுங்காக, ‘பெண் பார்க்க, ஏழாவது வீடு’ என்று எழுதிவிட்டுப் போனது. அவர்கள் பஜ்ஜி சாப்பிட்டு முடிப்பதற்குள் தெருவே ஏழாவது வீட்டு வாசலில் நின்றது. புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். அப்பா சல்யூட் அடித்தார், அடித்த கையாலேயே சாக்பீஸை நீட்டினார். இன்ஸ்பெக்டர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, தன் பெயரை எழுதி, ‘சும்மா’ என்று காரியத்தையும் எழுதினார்.

பம்புக்காரன் பிறகு வரவில்லை. பிடிபடவும் இல்லை. நடக்காத திருட்டை எப்படிக் குறிப்பது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, ஆனாலும் முயன்றிருந்தார். ‘ஒருவன் பலகையருகே நின்றான். சாக்பீஸை எடுத்தான். வைத்துவிட்டுத் திரும்பிப் போனான்.’ இரண்டு வருடத்தில் இப்படி ஏழு வரிகள். ஏழுக்கும் சாய்கோடு.

1958 மார்ச் இருபது வரை நோட்டு அப்படித்தான் போயிற்று. இருபத்திரண்டாம் தேதிப் பக்கத்தைத் திருப்பியபோது ஆதிமூலம் நோட்டைச் சன்னலோரம் கொண்டுபோனான்.

ஒரு கிளி. அதற்குக் கீழே ரயில்வண்டி, ஐந்து பெட்டி. அடுத்த நாள் மூக்குப் பெரிதான ஒரு முகம். அதற்கு அடுத்த நாள் மறுபடியும் ரயில், இந்த முறை சக்கரம் சதுரம்.

தெருப் பிள்ளைகள் பலகையின் அடியில் கிறுக்குவது அவனுக்குத் தெரியும். அவனே கிறுக்குகிற வயதில் பலகை இருந்திருந்தால் கிறுக்கியிருப்பான். ஆனால் ஐம்பது வயது தாண்டிய ஒரு சிப்பாய், பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு, அந்தக் கிறுக்கல்களை ஒன்று விடாமல் பெயர்த்திருந்தார். பெயரும் காரியமும் மேலே, கிளியும் ரயிலும் கீழே. நான்கு வருடம். எந்தப் பிள்ளையின் கோடு எங்கே நடுங்கியதோ அங்கே அப்பாவின் பென்சிலும் நடுங்கியிருந்தது. வரைகிறவனுக்கு அது தெரியும். பார்த்து வரைந்தது வேறு, ஏதாவது விட்டுப்போகுமோ என்று பயந்து வரைந்தது வேறு.

ஏன் என்று எங்கும் எழுதவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அதே மார்ச் இருபத்திரண்டில், பக்கத்தின் ஓரத்தில், ஒரு வட்டம், வட்டத்துக்குள் நேராக இரண்டு கோடு. விளக்கம் இல்லை. அந்தக் குறி பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வந்தது, பக்கத்திலேயே ‘க.கு. சொல்ல’ என்று. பன்னிரண்டு தடவை. பன்னிரண்டிலும் சாய்கோடு இல்லை.

பதின்மூன்றாவது 1962 ஜூனில். அதில் சாய்கோடு இருந்தது. தாள் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டிருந்தார்.

*

க.கு. என்றால் கருவடிக்குப்பமாகத்தான் இருக்க வேண்டும், அந்த ஊரில் அப்பாவுக்கு என்ன வேலை என்று அம்மாவிடம் கேட்டான். அம்மா புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“எனக்கும் அதுதான் தெரியணும்,” என்றாள். “நாலு மாசத்துக்கு ஒருக்கா நல்லா இருக்கற குண்டானைத் தூக்கிக்கிட்டு ஈயம் பூசணும்னு கருவடிக்குப்பம் போவார். இங்க பக்கத்திலயே பூசறவன் இருக்கான், அங்க எதுக்குன்னு கேட்டா பதில் கிடையாது. எவளாச்சும் இருக்காளோன்னுகூட நெனச்சேன். அப்புறம் யோசிச்சேன். எவ வீட்டுக்காச்சும் ஆம்பள கரிபிடிச்ச குண்டானைத் தூக்கிக்கிட்டுப் போவானா?”

சிரிக்கப் போனவள் சிரிக்காமல் எழுந்து உள்ளே போய்க் குண்டானைக் கொண்டுவந்தாள். ஆதிமூலம் அதைக் கவிழ்த்தான். அடியில், விளிம்பை ஒட்டி, ஊசியால் கீறிய மாதிரி ஒரு வட்டம். உள்ளே இரண்டு கோடு. எண்ணிப் பார்த்தான். அதே குறி பன்னிரண்டு, பதின்மூன்று.

வீடு வீடாகப் பித்தளை வாங்கிப்போய் ஈயம் பூசித் திருப்பிக் கொடுக்கிறவர்கள், தாங்கள் பூசியது என்பதற்கு அடியில் ஒரு குறி கீறிவிடுவார்கள். எழுதத் தெரியாதவருக்கு அதுதான் கையெழுத்து.

இந்தத் தெருவில் ஈயம் பூச வந்துகொண்டிருந்தவர் யார் என்று கேட்டான். அம்மா முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். தனக்கொடியைக் கேள் என்றாள்.

தனக்கொடிக்கும் அவள் புருஷன் வேம்புவுக்கும் ஆலையில் வேலை. அவளுக்கு முதல் ஷிப்டு, அவனுக்கு இரண்டாவது. பகல் இரண்டரைக்குச் சங்கு ஊதும்போது அவள் வெளியே வருவாள், அவன் உள்ளே போவான். கேட்டருகே ஒரு நிமிடம் பேசிக்கொள்வார்கள். வீட்டு நிர்வாகமெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில். ஆதிமூலம் கேட்டதும் அவள் முகம் மாறியது. மறக்கவில்லை என்று தெரிந்தது.

1958 மார்ச் இருபது, வியாழக்கிழமை. அன்றைக்கு அவள் கேட்டுக்கு வந்தபோது வேம்பு அங்கே இல்லை. வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் பெரிய குண்டானைக் காணோம். அவள் கத்திய சத்தத்தில் தெரு கூடியது. அந்த நேரம் பார்த்துக் கருவடிக்குப்பத்து மண்ணாங்கட்டி கோணிப்பையோடு தெருவில் வந்தார். வருடத்துக்கு இரண்டு முறை வருகிறவர்தான். பையைப் பிடுங்கிப் பார்த்தால் உள்ளே அவளுடைய குண்டான், புது ஈயம் பளபளக்க. அடையாளம் தெரியாமலிருக்கப் பூசிவிட்டான் என்றார்கள். வேம்புதான் கொடுத்தார் என்று மண்ணாங்கட்டி சொன்னார். வேம்பு அங்கே இல்லை. பலகையில் போட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றார். எல்லாரும் பலகையைப் போய்ப் பார்த்தார்கள்.

“பலகை சுத்தமா இருந்துச்சு தம்பி. உங்கப்பா அங்கதான் நின்னார். இவன் பேர் இருந்துச்சான்னு கேட்டோம். காலையில இருந்து நான் பாத்துக்கிட்டிருக்கேன், ஒண்ணும் இல்லைன்னு சொன்னார்.” தனக்கொடி முந்தானையை இழுத்துக்கொண்டாள். “அதுக்கப்புறந்தான் அடிச்சாங்க.”

“நீங்க?”

“நானும்தான். குண்டான் மூடியால.”

அப்பா அடிக்கவில்லை என்றாள். கூட்டத்தை விலக்கி மண்ணாங்கட்டியைக் காப்பாற்றி நிலையத்துக்குக் கொண்டுபோனார். அதற்குள் மண்ணாங்கட்டியின் இடது மணிக்கட்டு போய்விட்டது. மறுநாள் சாயங்காலம் வேம்பு விழுப்புரத்திலிருந்து வந்து சேர்ந்தான். மாமன் செத்த செய்தி வந்து அவசரமாகக் கிளம்பியவன், காலையில் குண்டானை ஈயம் பூசக் கொடுத்ததை மனைவியிடம் சொல்ல நேரமில்லாமல் போயிருந்தான். மண்ணாங்கட்டியை விட்டுவிட்டார்கள்.

தெரு அவரிடம் மன்னிப்புக் கேட்டதா என்று ஆதிமூலம் கேட்டான்.

“இன்னா தம்பி கேக்கற. பலகையில எழுதலை, அதனாலதான வந்துது, அவன் மேலயும் தப்புன்னு பேசிக்கிட்டோம். குண்டான் எடுக்கலைதான். ஆனா பலகையில போட்டேன்னு சொன்னது பொய்யில்ல? பொய் சொல்றவன் இன்னிக்கு இல்லன்னாலும் நாளைக்கு எடுப்பான்னு சொன்னாங்க. அப்புறம் அவன் இந்தப் பக்கம் வரவே இல்லை.”

அன்று மாலை ஆதிமூலம் தெருவை வரைந்தான். அரைத்தாள், பென்சில். குழாயடி, பலகை, தனக்கொடி வீடு, மண்ணாங்கட்டியைப் பிடித்த இடம். அவர் எந்தப் பக்கம் பார்த்து நடந்தார் என்று தனக்கொடியிடம் கேட்டு வைத்திருந்தான். அதற்கு ஒரு அம்புக்குறி போட்டான். அம்பு தெருவுக்குள்ளே பார்த்தது. அந்த மனிதர் குண்டானோடு தெருவை விட்டுப் போகவில்லை. குண்டானோடு உள்ளே வந்துகொண்டிருந்தார். திருடியவன் எதற்கு அதைத் திரும்பக் கொண்டுவருகிறான் என்று அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ரோந்து ஏன் இராத்திரியில் என்று கேட்ட அப்பாவுக்கும் தோன்றவில்லை.

*

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் குண்டானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கருவடிக்குப்பம் போனான். வீட்டுப் பக்கம் சார்ப்பில் மண்ணாங்கட்டி துருத்தியோடு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து இருக்கும். இடது கை மணிக்கட்டில் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அதனால் துருத்தியைக் காலால் மிதித்தார். குண்டானைப் பார்த்ததும் யார் என்று புரிந்துகொண்டார்.

“சிப்பாய் மகனா? அவருக்கு வரக் கூச்சமா இருக்குன்னு உன்னை அனுப்பிட்டாரா?”

“அப்பா போயிட்டார்ண்ணே. இந்த மாசம் பதினஞ்சாந் தேதி.”

மண்ணாங்கட்டி மிதிப்பதை நிறுத்தினார். “என்ன கிழமை?”

“ஞாயிறு.”

“ஞாயித்துக்கிழமை,” என்றார். அடுப்பைப் பார்த்தார். “நான் திங்கக்கிழமை துவைச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு இங்கயே உக்காந்திருந்தேன். ஏழு, எட்டு, பத்து. அப்புறம் கழட்டி வெச்சிட்டு அடுப்பைப் பத்த வெச்சேன். அப்ப, அவர் வேணும்னு வராம இருக்கலை.”

“இல்லை.”

அவர் உள்ளே பார்த்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு சொன்னதெல்லாம் நிதானமாகச் சொன்னார்.

நான்கு வருடத்துக்கு முன் ஒருநாள் அம்மாவாசை ஒரு குண்டானோடு வந்து நின்றிருக்கிறார். மண்ணாங்கட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலை என்று வந்ததால் செய்து கொடுத்தார். வாங்கிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் மறுபடி. குண்டானில் ஈயம் தேய்ந்திருக்காது. சொன்னால், இருந்தாலும் பூசு என்பார். பூசி முடிக்கும் வரை குந்திக்கொண்டு பார்ப்பார். குறி கீறும்போது மட்டும் வேறு எங்கோ பார்ப்பார். ஏதோ சொல்ல வருவார், மழை வருமா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். இப்படிப் பன்னிரண்டு தடவை.

ஜூனில் சொல்லிவிட்டார்.

அந்த வியாழக்கிழமை காலை மண்ணாங்கட்டி குழாயடிக்கு வந்தபோது தண்ணீர் நின்றுவிட்டது, எழுதிக்கொடுக்க ஒருத்தியும் இல்லை. சாக்பீஸ் தரையில் கிடந்தது. குந்தினார். குந்திய வாக்கிலேயே, பலகையின் இடது பக்கம், அடியில், கை எட்டிய இடத்தில் தன் குறியைப் போட்டார். பாத்திரத்தில் போடுகிற அதே குறி. கால் மணி கழித்து அம்மாவாசை அந்த வழியாக வந்தார். அவ்வளவு கீழே இருந்ததால் பிள்ளைகள் கிறுக்கியது என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனார். துடைத்ததே அவருக்கு நினைவில்லை. சனிக்கிழமை நிலையத்தில் தனக்கொடியிடம் ஒப்படைக்கக் குண்டானைக் கவிழ்த்தபோதுதான் அடியிலிருந்த குறி கண்ணில் பட்டது. கை துணி பிடித்தது ஞாபகம் வந்தது.

ஆதிமூலத்துக்குக் கிளிகளும் ரயில்களும் நினைவுக்கு வந்தன.

“ஏன் அப்பவே சொல்லலைன்னு கேட்டேன்,” என்றார் மண்ணாங்கட்டி. “அந்த வாரந்தான் பெரிய அதிகாரி வந்து பலகையைப் பாராட்டிட்டுப் போனாராம். இன்னும் ரெண்டு தெருவில வெக்கச் சொன்னாராம். பலகை தப்புன்னு தெரிஞ்சா அப்புறம் ஒருத்தனும் எழுதமாட்டான், திருடன் உள்ள வந்துடுவான்னு பயந்தேன்னார். நான் கேட்டேன், பலகை யோக்கியமா இருக்கறதுக்கு நான் திருடனா இருக்கணுமான்னு.”

“அதுக்கு என்ன சொன்னார்?”

“ரொம்ப நேரம் அந்தக் கல்லு மேல உக்காந்திருந்தார். அப்புறம் அவரே கேட்டார், நான் என்ன செய்யணும்னு. எங்கிட்ட இங்க வந்து சொல்லி என்ன பிரயோஜனம்னேன். நெல்லித்தோப்பு போச்சு, அதைப் பாத்து பக்கத்துத் தெருவும் போச்சு, என் மவளுக்கு ஒரு இடம் வந்துது, உங்க தெருக்காரன்கிட்ட விசாரிச்சிட்டு அதுவும் போச்சு. காலையில எட்டு மணிக்கு, தண்ணி வரப்ப, அத்தனை பொம்பளைங்க நிக்கறப்ப சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கணும். நீங்களே வந்து கூட்டிக்கிட்டுப் போவணும், நானா நடந்து அந்தத் தெருவுக்குள்ள வரமாட்டேன்னேன். சரின்னார். அடுத்த மாசம் பதினாறாந் தேதி, திங்கக்கிழமைன்னார்.”

அடுப்பில் கனல் சாம்பல் பூத்தது. ஆதிமூலம் பலகையைப் பற்றிச் சொன்னான். மூன்று பூச்சு பூசிக் காய்ந்து பழைய ஆணியிலேயே தொங்குகிறது, அந்த வரியை நான் எழுதிவிடுகிறேன் என்றான்.

“எழுத்து எனக்கு இன்னாத்துக்கு தம்பி. அன்னிக்கு ஒரு எழுத்து போட்டேன், அதுவே அழிஞ்சு போச்சு.” மண்ணாங்கட்டி துருத்தியிலிருந்து காலை எடுத்தார். “வாயால சொல்லணும். அந்த இடத்துல நின்னு, தொடச்சது எங்கப்பா, நாலு வருஷம் மறைச்சதும் எங்கப்பான்னு சொல்லணும். உங்கம்மா அங்க தண்ணி பிடிக்க நிப்பாங்க. செத்துப் பதினாறு நாள்தான் ஆவுது. உன்னால ஆவுமா?”

ஆதிமூலம் ஒன்று கேட்டான். அந்தக் குறி எவ்வளவு பெரிசு போட்டீங்க என்றான்.

மண்ணாங்கட்டி அவனைப் பார்த்தார். இந்த நேரத்தில் இதென்ன கேள்வி என்று பார்த்த மாதிரி இருந்தது. பிறகு அடிபடாத வலது கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை அளவு.

“உங்கப்பாவும் இதையேதான் கேட்டார்,” என்றார்.

கொண்டுவந்த குண்டானை அவர் வாங்கிப் பார்த்தார். ஈயம் நன்றாக இருக்கிறது, இன்னும் ஒரு வருடத்துக்குத் தொட வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். சைக்கிளில் ஏறும்போது ஆதிமூலம், திங்கக்கிழமை ஏழு மணிக்கு வரேன்ண்ணே என்றான். மண்ணாங்கட்டி, சட்டை துவைக்கணும் என்றார்.

*

ஞாயிறு மாலை சைக்கிளுக்குக் காற்றடித்தான். பின்னால் இருக்கும் கேரியரின் திருகுகளை ஒவ்வொன்றாக முறுக்கினான். குண்டான் தாங்கியது, ஆள் தாங்க வேண்டும். அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது. அவள் குடத்தைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். கடைசியில், நாளைக்குக் குழாயடிக்கு நான் முதல் ஆளா போய் நிக்கறேன், எனக்குப் பின்னால யாரும் முணுமுணுக்க முடியாது என்றாள்.

பலகையைப் போய்ப் பார்த்தான். மூன்று வாரமாக யாரும் துடைக்காததால் பெயர் மேல் பெயராக இருந்தது. இடது பக்கம் அடியில், சாண் அகலத்துக்கு, சதுரச் சக்கரத்தோடு ஒரு ரயில். அதை அவன், பெட்டிக்குள் போகாமல் அப்பாவின் தலைமாட்டில் கிடந்த கடைசி நோட்டில் பெயர்த்துக்கொண்டான். துடைக்கவில்லை.

பெயர்த்த இடத்துக்கு மேலே அப்பாவின் கடைசி வரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, பலகை பூசிய பிறகு, சாப்பிட உட்காருவதற்கு முன் எழுதியிருக்க வேண்டும். பென்சில் எழுத்தின் மேல் ஊமத்தைக் கரி படிந்திருந்தது. முதலில் வட்டமும் இரண்டு கோடும். பிறகு:

‘திங்கள் காலை 8. க.கு. போய் கூட்டி வர. குழாயடியில் சொல்ல.’

சாய்கோடு இல்லை.